சேரிங் கிராஸ் முதல் தாவரவியல் பூங்கா வரை: ஊட்டி வரலாற்று நடைக் கையேடு, சரிபார்க்க உதவுங்கள்

தேயிலைச்சரிவு

அனைவருக்கும் வணக்கம். உதகை சேரிங் கிராஸில் ஆடம் நீரூற்றில் தொடங்கி, கார்டன் ரோடு வழியாகத் தாவரவியல் பூங்காவுக்குள் போய், மேல் முனையில் இருக்கும் தோடர் மந்து (தோடர் குடியிருப்பு) வரை ஏறும் ஒரு வரலாற்று நடைக்கு நாலு பக்கக் கையேடு தயாராகிறது. கல்லூரி மாணவர்களுக்கானது. இணையத்தில் இருப்பதைத் தொகுத்தால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்கிறது. பூங்காவை அமைத்தவர் ஜான் சல்லிவன் என்று ஓரிடத்தில், மெக்ஐவர் என்று இன்னோரிடத்தில். தொடங்கிய ஆண்டு 1845, 1847, 1848 என்று மூன்று விதம். இத்தாலியன் பூங்காவை முதல் உலகப் போர்க் கைதிகள் போட்டார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீரூற்று ஆரம்பத்திலிருந்தே சந்திப்பில்தான் இருந்ததா? மலர்க் கண்காட்சி எத்தனையாவது என்பதிலும் கணக்கு உதைக்கிறது. அச்சுக்குப் போவதற்குள் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்பங்களா

நீரூற்றிலிருந்து வருகிறேன். அதன் பெயருக்கு உரியவர் வில்லியம் பேட்ரிக் ஆடம். 1880 டிசம்பரில் சென்னை மாகாண கவர்னராகப் பொறுப்பேற்றவர், அரை ஆண்டு முடிவதற்குள் 1881 மே 24 அன்று ஊட்டியிலேயே காலமானார். ஏரிக்கரை செயின்ட் தாமஸ் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மாணவர்களுக்கு நேரம் இருந்தால் அதையும் காட்டலாம், ஆனால் அது எதிர்த்திசை.

பொதுமக்கள் நன்கொடையில் நீரூற்று எழுந்தது 1886இல். எழுந்த இடம் சேரிங் கிராஸ் அல்ல. 1898இல்தான் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். ஆகவே "1886 முதல் சேரிங் கிராஸில் நிற்கிறது" என்று எழுதாதீர்கள். கட்டியது 1886, சந்திப்புக்கு வந்தது 1898. இரண்டு ஆண்டையும் போடுங்கள்.

இன்னொரு விஷயம். ஐரோப்பிய ஊர்களின் சதுக்கம் மாதிரி நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த திடல் என்று நினைத்து மாணவர்கள் வந்தால் ஏமாறுவார்கள். கமர்ஷியல் ரோடு, கார்டன் ரோடு, குன்னூர் ரோடு வந்து சேரும் ஒரு சந்திப்பு இது. நடுவில் வந்து உட்கார்ந்த நீரூற்றுதான் அதற்கு ஒரு சதுக்கத்தின் முகத்தைக் கொடுத்தது. 1898இல் மலை ரயில்கூட ஊட்டிக்கு வரவில்லை. குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908. சாலை வழியாக மேலே வருகிறவர்களுக்கு ஊர் தொடங்கும் வாசல் இதுதான். நினைவுச் சின்னத்தை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதற்கு இந்த இடமே விடை.

பழையமடல்

பூங்கா விஷயத்தில் மூன்று ஆண்டுகளுமே சரி. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரியத்தின் ஆண்டு, அதைப் பிரித்து எழுதாததால் வந்த குழப்பம்.

1845இல் ஊட்டியிலிருந்த ஐரோப்பியர்கள் சிலர் சேர்ந்து சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் தொடங்கினார்கள். ஆளுக்கு மாதம் 3 ரூபாய், பதிலுக்குக் காய்கறி. நோக்கம் சாப்பாட்டு மேசைக்குக் கேரட்டும் கோசும். அந்த ஏற்பாடு கையைக் கடித்தது, நிலைக்கவில்லை. 1847இல் அதைப் பொதுத் தோட்டமாக மாற்றும் முயற்சி நடந்தது. அப்போது கவர்னர் ட்வீடேல் பிரபு. முறையாகப் பயிற்சி பெற்ற தோட்டக்கலைஞர் வேண்டும் என்று கேட்டு, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அனுப்பப்பட்டு 1848இல் வந்து சேர்ந்தார். நாம் இன்று பார்க்கும் பூங்கா தொடங்குவது அங்கிருந்துதான். அடிப்படை வேலைகளுக்கே பத்தாண்டு பிடித்தது. முழு அமைப்பும் ஒரு முடிவுக்கு வந்தது 1867 வாக்கில்.

சல்லிவனுக்கும் இந்தப் பூங்காவுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819இல் மலையேறினார், 1822இல் கல் பங்களா கட்டத் தொடங்கினார், 1823 முதல் 1825க்குள் ஏரியை உருவாக்கினார். ஊரை உருவாக்கியவர் என்ற பெருமை முழுக்க அவருக்கே. ஆனால் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பியது 1841இல். சந்தாத் தோட்டம் தொடங்கவே அதற்கப்புறம் நாலு வருஷம் ஆனது. கல் பங்களா வளாகத்தில் அவர் வைத்திருந்த சொந்தத் தோட்டத்தை யாரோ தாவரவியல் பூங்காவோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கல் பங்களா இருப்பது இப்போதைய அரசு கலைக் கல்லூரி மேட்டில். அது வேறு குன்று.

தேயிலைச்சரிவு

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பத்தாண்டு எதற்கு? 22 ஹெக்டேர்தானே? செடி நடுவதற்கு அவ்வளவு காலமா?

வடிகால்

நடுவதற்கு அல்ல, நடுகிற மாதிரி நிலத்தை ஆக்குவதற்கு. மெக்ஐவர் கைக்கு வந்தபோது அந்த இடத்தின் மேல் பாதி பாறை துருத்திய செங்குத்தான காட்டுச் சரிவு. கீழ்ப் பாதி சதுப்பு. இரண்டையும் குறுக்கே கிழித்துக்கொண்டு ஆழமான ஓடைப் பள்ளங்கள். தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். பூங்கா அதன் சரிவில் ஏறத்தாழ 2250இலிருந்து 2500 மீட்டர் வரை ஏறுகிறது. மேலே பெய்கிற மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, சரிவு முடிகிற அடிவாரத்தில் ஊற்றெடுக்கும். அதனால்தான் கீழே சதுப்பு.

இப்படிப்பட்ட நிலத்தில் முதலில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் என்ன ஆகும்? இரண்டு மழைக்காலத்துக்குள் கொட்டிய மண் ஊறி, பிதுங்கி, கீழே நழுவிவிடும். செய்யவேண்டிய வரிசையே வேறு. மேலிருந்து வரும் நீரைச் சதுப்புக்குள் நுழையும் முன்னே சரிவுக்குக் குறுக்கே ஒரு வெட்டு வாய்க்காலில் பிடிக்க வேண்டும். பிடித்த நீரை ஏற்கனவே இருக்கும் ஓடைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பள்ளத்தின் கரையைக் கல் கட்டி உறுதிப்படுத்த வேண்டும். அதன்பிறகு சதுப்பின் உள்ளே மீன்முள் வடிவத்தில் சிறு வடிகால்கள். அவற்றின் அடியில் பெருங்கல், மேலே சிறுகல், அதற்கும் மேலே மண். நிலம் ஒரு கோடை முழுக்க வடிந்து அமர்ந்த பிறகே சமன் செய்வது, புல் பதிப்பது எல்லாம். மேல் பாதியில் படிப்படியாகத் தளம் வெட்டும்போதும் ஒவ்வொரு தளத்தையும் மலைப் பக்கமாக லேசாகச் சாய்த்து, உள் ஓரத்தில் கால்வாய் விட வேண்டும். வெளிப்பக்கம் சாய்த்தால் நீர் விளிம்பைத் தாண்டி விழுந்து கீழ்த் தளத்தின் மதிலைத் தோண்டும்.

ட்வீடேல் பிரபுவைப் பற்றி ஒரு செய்தி, பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தில் தன் பண்ணை நிலங்களில் ஓட்டுக் குழாய் வடிகால் போடுவதில் பெயர் எடுத்தவர் அவர். வடிகால் ஓடு வார்க்கும் இயந்திரமே உருவாக்கியவர். ஒரு சதுப்பு நிலத்தைப் பூங்காவாக்கலாம் என்று நம்பியதில் வியப்பில்லை.

கையேட்டில் ஒரே ஒரு வரி எனக்காகச் சேருங்கள்: பெரிய புல்வெளியில் நிற்கும்போது காலுக்குக் கீழே சதுப்பு இருக்கிறது. பூங்காவில் எல்லாரும் பூவைப் பார்க்கிறார்கள். 1848இலிருந்து அந்தப் பூவைத் தாங்கிக்கொண்டிருப்பது வடிகால்.

குறிஞ்சிமேடு

வடிகால் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சதுப்பு என்பது சும்மா கிடந்த பாழ்நிலம் இல்லை. நீலகிரி மேட்டு நிலத்தில் சோலையும் புல்வெளியும் அடிவாரச் சதுப்பும் சேர்ந்துதான் ஒரே நீர் அமைப்பு. மழையை வாங்கி வைத்துக் கோடையில் விடுவதே அவற்றின் வேலை. தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்வெளிகளிலும் சதுப்பு ஓரங்களிலும். பூங்காவின் மேல் பக்கம் மந்து இருப்பது தற்செயல் அல்ல. பூங்காவுக்கு முன்னாலிருந்தே அது தோடர்களின் இடம். "பூங்காவுக்குள் தோடர் குடியிருப்பு ஒன்றும் உள்ளது" என்று காட்சிப் பொருள் மாதிரி எழுதாமல், மந்து இருந்த சரிவில் பூங்கா வந்தது என்று எழுதுங்கள். மாணவர்களுக்கு இன்னொரு குறிப்பு: மந்தில் வீடுகளைப் போலவே கோயிலும் அரைவட்டக் கூரையோடுதான் இருக்கும், வெளியார் அதற்குள் போகக்கூடாது. ஆளைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது.

தேயிலைச்சரிவு

கட்டாயம் அப்படியே மாற்றுகிறேன் அக்கா. இத்தாலியன் பூங்கா விஷயம்?

பழையமடல்

முதல் உலகப் போர்க் கைதிகள் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது நிற்காது. 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது பிரிட்டனின் பக்கம். கூட்டாளி நாட்டுப் படைவீரர்களை பிரிட்டன் எதற்குக் கைதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும்? இத்தாலியப் போர்க்கைதிகள் இந்தியாவுக்குப் பெருந்தொகையாக வந்தது இரண்டாம் உலகப் போரில். வட ஆப்பிரிக்காவில் 1940 டிசம்பரில் பிரிட்டன் தொடங்கிய தாக்குதலில் பிடிபட்டவர்களை பெங்களூர், போபால், டேராடூன், யோல் முகாம்களில் வைத்திருந்தார்கள்.

கல்பங்களா

அப்படியானால் இரண்டாம் உலகப் போர் என்று மாற்றி எழுதினால் போதுமே?

பழையமடல்

போதாது சார். ஒரு தவற்றை எடுத்துவிட்டு, ஆதாரம் பார்க்காமல் இன்னொன்றை அந்த இடத்தில் வைப்பதாகிவிடும். இத்தாலியப் பாணி என்பது போர்க்கைதி இல்லாமலேயே வரக்கூடிய ஒன்று. நேர்கோட்டுப் பாத்திகள், நடுவில் நீர்த்தொட்டி, வெட்டிய வேலி, தளம் தளமாக இறங்கும் படி: இந்த அமைப்புக்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் எல்லாரும் வைத்திருந்த பெயரே இத்தாலியத் தோட்டம்தான். கையேட்டில் அமைப்பை மட்டும் விவரியுங்கள். "யார் போட்டது" என்ற வரி தேவையில்லை.

இதே மாதிரி கல்மரம். அங்கே படுத்திருக்கும் 2 கோடி ஆண்டுப் பழமையான மரத்தைப் பார்த்து, அந்தக் காலத்தில் ஊட்டியில் இப்படி மரங்கள் இருந்தன என்று விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. நீலகிரி முழுக்கச் சார்னோகைட் பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தில் உருவான அந்தப் பாறையில் மரம் புதைபடிவமாகக் கிடைக்க வழியே இல்லை. வண்டல் பாறை உள்ள சமவெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த பொருள் அது.

தேயிலைச்சரிவு

அந்த வரியும் போயிற்று. மலர்க் கண்காட்சி?

மண்வெட்டி

முதல் கண்காட்சி 1896. நூற்றாண்டு 1995இல் கொண்டாடப்பட்டது. விஜயநகரம் பகுதியில் இருக்கும் அரசு ரோஜா பூங்கா அந்த நூற்றாண்டு நினைவாகத் தொடங்கியதுதான். 2019இல் நடந்தது 123ஆவது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் இல்லை. 2022இல் 124, 2023இல் 125, 2024இல் 126, 2025இல் 127. ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து எண் போட்டால் தப்பாகத்தான் வரும், நடக்காத வருஷத்துக்கு எண் கிடையாது. அதனால் கையேட்டில் ஆண்டையும் எண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

கண்காட்சி மே மாதம் ஒரு வாரம் பத்து நாள் நடக்கிற விழா என்று மாணவர்கள் நினைப்பார்கள். அதன் வேலை டிசம்பர் கடைசியிலேயே தொடங்குவதைச் சொல்லுங்கள். மே நடுவில் தொட்டி நிறையப் பூ நிற்கவேண்டும் என்றால் பின்னோக்கி எண்ண வேண்டும். ஊட்டிக் குளிரில் பெட்டூனியா, ஆன்டிரைனம் மாதிரிச் செடிகளுக்கு விதையிலிருந்து பூ வரை மூன்றரை முதல் நாலு மாதம். செண்டுமல்லி அதைவிடச் சீக்கிரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒன்று ஏப்ரலிலேயே முடிந்துவிடும், இன்னொன்று ஜூனில் பூக்கும். அதனால் நாள் எடுத்துப் பூக்கும் செடி முதலில், சீக்கிரம் பூப்பது பிப்ரவரி கடைசியில் என்று தவணை தவணையாக விதைப்பு.

நாற்றங்கால் கலவை செம்மண் 2 பங்கு, மணல் 1, சலித்த மக்கிய தொழு உரம் 1. பெட்டூனியா, பிகோனியா விதை தூசி மாதிரி இருக்கும். மெல்லிய மணலோடு கலந்து மேலாகத் தூவ வேண்டும், மண் போட்டு மூடினால் முளைக்காது. பூவாளியில் மேலிருந்து தண்ணீர் விட்டால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் கெடுப்பது நாற்றழுகல். நாற்றுக் கழுத்து தரைமட்டத்தில் கறுத்து, ஒரே இரவில் வட்டம் வட்டமாகச் சாய்ந்துவிடும். நெருக்கமாக விதைப்பு, இரவு முழுக்க ஈரம், காற்றோட்டம் இல்லாமை, இந்த மூன்றும்தான் காரணம். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றினால் பரவாமல் நிற்கும், ஆனால் சாய்ந்தது சாய்ந்ததுதான்.

நாலாறு இலை வந்ததும் நுனி கிள்ளினால்தான் கிளை வெடிக்கும். கடைசிக் கிள்ளு மார்ச் கடைசிக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு கிள்ளினால் கண்காட்சி நாளில் தொட்டியில் பச்சை மட்டும்தான் நிற்கும். ஏப்ரலில் கோடைமழை, சில நாள் ஆலங்கட்டி. பெட்டூனியா இதழில் நீர் நின்றால் பழுப்புப் புள்ளி விழுந்து அழுகும். மலர் மாடத்துக்கு மேல்கூரை வைத்திருப்பது இதனால்தான். மழை பெய்தால் பாத்தியில் உள்ள பூ போனாலும் மாடத்துத் தொட்டி நிற்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனுக்கு இதே வேலை ஜூன், ஜூலையில் மறுபடி.

கல்பங்களா

டிசம்பரில் விதைத்தால் உறைபனியில் நாற்று என்ன ஆவது?

மண்வெட்டி

விதைத்தட்டு கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும். பிரச்சினை வெளிப் பாத்தியில் நிற்கும் செடிக்கும் புல்வெளிக்கும்தான். முதலில் நீர்ப்பனி விழும், வானம் தெளிந்த பிறகு நவம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை உறைபனி. மேகம் இல்லாத, காற்று இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் வெள்ளையாகக் கிடக்கும் நாளில் மேட்டில் ஒன்றும் இருக்காது. பூங்காவிலும் கீழ்ப் புல்வெளிதான் அதிகம் வாங்கும், மேல் தளங்கள் தப்பும்.

பாத்திச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிவந்து கூரை மாதிரிக் கவிழ்ப்பார்கள். சிறு இலை, நெருக்கமான கிளை. தரையின் சூடு மேலே போகாமல் தடுக்கும், காற்றும் புகும். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். சாயங்காலமே மூடவேண்டும், தரை சூடு இழந்தபிறகு மூடிப் பயனில்லை. வெயில் ஏறியதும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே செடி வெளிறி நெட்டையாகும்.

புல்வெளிக்குத் தெளிப்பான். சூரியன் படுவதற்கு முன் தொடங்கி, பனி முழுதும் கரையும்வரை விடாமல் தெளிக்க வேண்டும். அஞ்சு நிமிஷம் தெளித்துவிட்டு நிறுத்தினால் அந்த ஈரமே ஆவியாகும்போது இன்னும் குளிர்ந்து பாதிப்பைக் கூட்டும். உறைந்த புல்லில் கால் வைத்தால் இலைக்குள் இருக்கும் பனி நொறுங்கி உயிரணு கிழிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் காலடி வடிவத்திலேயே கறுப்பாகக் கருகி நிற்கும். கயிறு கட்டிப் புல்வெளியை மூடினால் கோபப்படாதீர்கள்.

தேயிலைச்சரிவு

மிலார் விவரத்துக்கு ஒரு தனிப் பெட்டி கொடுக்கிறேன் மண்வெட்டி அண்ணா. மெக்ஐவர் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? பூங்கா முடிந்தபிறகு என்ன ஆனார்?

பழையமடல்

முடியும் முன்பே அவரை சின்கோனா பிடித்துக்கொண்டது. மலேரியாவுக்குக் கொய்னா எடுக்கும் மரம். கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கன்றுகள் வாடிய நிலையில் வந்து மடிந்தன. அடுத்து, ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்து அனுப்பிய செம்பட்டை வகை பிழைத்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. உயரம் தாங்கும் அபிஷினாலிஸ் வகை தொட்டபெட்டா பக்கம், கொஞ்சம் சூடு கேட்கும் செம்பட்டை வகை கீழே நடுவட்டம் பக்கம். நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கியதும் இந்தத் தோட்டத்துக்குத்தான். கைதிகள் கதை இத்தாலியன் பூங்காவில் ஒட்டிக்கொண்டு, ஆவணத்தில் உள்ள இந்தக் கைதிகள் மறந்துபோனது வருத்தம் தருகிறது.

மெக்ஐவரின் பெயர் உலகத் தோட்டக்கலையில் நிற்பது பாசி கட்டும் முறைக்காக. மரத்தை வெட்டிப் பட்டை எடுத்தால் ஒரு அறுவடையோடு மரம் போயிற்று. அவர் பட்டையை நெடுக்கு வாட்டில் சிறு சிறு கீற்றாக, ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு உரித்தார். உரித்த இடத்தில் உள்ளே இருக்கும் வழவழப்பான படலத்தைக் கத்தி தொடக்கூடாது, புதுப் பட்டை பிறப்பது அதிலிருந்துதான். உடனே ஈரப் பாசியைச் சுற்றி நாரால் கட்ட வேண்டும். வெயில் பட்டால் படலம் காய்ந்து, மரம் அந்தப் பக்கம் செத்துவிடும். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்துவரும். அதில் மருந்துச் சத்து பழைய பட்டையைவிடக் கூடுதல் என்பதையும் அவர் கண்டார். பிறகு விட்டு வைத்த கீற்றுகளை உரிப்பது. பாசி கிடைக்கும் ஈரமான மலையில் மட்டுமே இது ஒத்துவரும், ஆள்கூலியும் அதிகம். 1876இல் இறந்தார். செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் கல்லறை.

குறிஞ்சிமேடு

பூங்காவின் இன்னொரு பக்கத்தையும் கையேட்டில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஊட்டிக்கு வந்தது 1843இல். சீகை (வாட்டில் மரம்), முள் நிறைந்த மஞ்சள் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் எல்லாம் அந்த நூற்றாண்டில் இறக்கியவை. விறகுக்கும் வேலிக்கும் சீமை நினைவுக்கும் கொண்டுவந்த செடிகள் புல்வெளியைத் தின்றுவிட்டன. புரூம் காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வெட்டினால் மறுபடி தழைக்கும், எரித்தால் இன்னும் நன்றாக முளைக்கும். வேரோடு பிடுங்கி, தொடர்ந்து சில வருஷம் நாற்றுகளைப் பொறுக்கினால்தான் தீரும். பூங்காவுக்குள் ஒரு மரம் அழகாக நிற்பதும் அதே இனம் வெளியே சதுப்பை உறிஞ்சுவதும் ஒரே வரலாறு.

வடிகால்

பழையமடல் ஐயா சொன்ன பூங்காவும் கல்பங்களா சார் சொன்ன சந்திப்பும் தண்ணீரால் இணைந்தவை என்பதையும் எழுதுங்கள். தொட்டபெட்டா சரிவில் பிறக்கும் ஓடை, கோடப்பமந்து கால்வாயாக ஊர் நடுவே ஓடி ஏரியில் விழுகிறது. சல்லிவன் அமைத்த ஏரி இப்போதைய அளவில் இல்லை. பேருந்து நிலையம், பந்தய மைதானம் பக்கமெல்லாம் நீர் பரப்பாக இருந்த இடம். மேலே நிலத்தை வடித்து, கீழே ஏரியைச் சுருக்கினால் இடையில் ஓடும் கால்வாய்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். கனமழையில் ரயில்வே பாலத்தடியில் நீர் தேங்குவதற்குக் காரணம் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கல்பங்களா

நீரூற்று பராமரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மின்மோட்டார் இல்லாத காலத்து நீரூற்று ஓடியது மேட்டு நீரின் அழுத்தத்தில். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். குழாய் உராய்வில் கொஞ்சம் போகும், அதனால் பீச்சும் உயரம் மூல உயரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நீர்வரத்து குறைந்த கோடையில் முதலில் நின்றுபோவது நீரூற்றாகவே இருக்கும். இப்போது ஒரே நீரை மோட்டாரில் சுழற்றும்போது வேறு தொல்லை: பாசி, இலைச் சருகு, துவாரத்தில் உப்பு. உறிஞ்சும் வாயில் வலை வைத்து அதை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடேறும். சிற்பங்கள் மேல் சீசனுக்குச் சீசன் பளிச்சென்று பெயிண்ட் அடிப்பதுதான் பெரிய கேடு. அடுக்கு மேல் அடுக்காக ஏறி, முகத்தின் கண், மூக்குக் கோடுகள் எல்லாம் மழுங்கிவிடுகின்றன. பழைய அடுக்கை மெதுவாகக் கரைத்து எடுத்துவிட்டே புது அடுக்கு போடவேண்டும்.

தேயிலைச்சரிவு

எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று: எந்த மாதம், எந்த நேரம் போனால் இவ்வளவையும் கண்ணால் காட்டலாம்?

வடிகால்

மே மாதக் கூட்டத்தில் ஒன்றும் காட்ட முடியாது, மந்து வரை ஏறவும் இடம் இருக்காது. வடிகால் பார்க்க அக்டோபர், மழை விட்ட மறுநாள். தளங்களின் உள் ஓரக் கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும், ஓடைப் பள்ளத்தின் கல்கட்டும் தெரியும். நீரூற்றிலிருந்து வாயில் வரை ஒரு கிலோமீட்டர் அளவுதான், வாயிலிலிருந்து மந்து வரைதான் மூச்சு வாங்கும். சமவெளியிலிருந்து அன்றே ஏறி வந்த மாணவர்களை வேகமாக ஏற்றாதீர்கள், கண்ணாடி மாளிகை அருகே நிறுத்திப் பேசுங்கள்.

மண்வெட்டி

உறைபனி காட்டவேண்டும் என்றால் ஜனவரி. வாயில் திறக்கும் நேரத்தில் வெயில் ஏறியிருக்கும், பெரும்பாலும் கரைந்துவிடும். சேரிங் கிராஸில் நேரத்தைப் போக்காமல் நேரே கீழ்ப் புல்வெளியின் நிழல் ஓரத்துக்குப் போங்கள், அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். மிலார் கூரையை எடுக்கும் வேலையும் அப்போதுதான் நடக்கும். தோட்ட ஊழியர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி.